மாரிக்கு முன் கழற்றிய தட்டிகள்

போன மாதம் எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் பழைய அதிபர் பெரிய ரீச்சரின் படத்தைத் திறந்து வைத்தார்கள். பேசியவர்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அவர் மனங்களை மாற்றினாராம். கல்லாய்க் கிடந்த நெஞ்சுகளைக் கனிய வைத்தாராம். ஓய்வு பெற்ற எங்கள் உப அதிபர் பேச எழும்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, முன் வரிசையில் இருந்த என்னைக் கையால் காட்டினார்.

"மலர் ரீச்சர் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த காலத்திலை, நாங்கள் எல்லாரும் அவவை விட்டிட்டு எழும்பிப் போனனாங்கள். ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை. அண்டைக்கு எழும்பாமல் பக்கத்திலை இருந்த ஒரே மனிசன் எங்கட கணக்கு மாஸ்ரர்தான்."

மண்டபம் கைதட்டியது. சங்கீத ரீச்சர் வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்த மலர் ரீச்சரும் வெருகலிலிருந்து பஸ் பிடித்து வந்து கடைசி வரிசையில் இருந்தாள். கைதட்டினவர்களுக்குள் அவளும் ஒருத்தி. கூட்டம் முடிந்து நான் பொல்லை ஊன்றிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் பஸ்சுக்குப் போய்விட்டாள். அன்று தொடக்கம் எனக்குச் சோறு இறங்குவதில்லை. பெரிய ரீச்சரை இவர்கள் பேசிய ஆளாகவே விட்டுவிடவும் மனமில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதலாவது, பெரிய ரீச்சர் யாருடைய மனத்தையும் மாற்றவில்லை. மாற்றப் பார்த்ததும் இல்லை. மனம் என்ற சாமானில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "மனம் திருந்துமட்டும் பாத்துக்கொண்டிருந்தால் பிள்ளையளுக்கு வயசு போயிடும்" என்பார். அவர் மாற்றியது கதிரைகளை, வாங்குகளை, மேசைகளை. உயர்ந்த, மெலிந்த மனுசி. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தானே இழுப்பார். பியோன் ஓடி வந்தாலும் விடமாட்டார். மண்டபத்துப் பக்கம் வாங்கு இழுபடும் சத்தம் கேட்டால் ஆசிரியர்கள் நாங்கள் சோக்குக் கட்டியைக் கீழே வைப்போம். இன்றைக்கு யாருக்கு என்ன வரப் போகிறதோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.

அந்தக் காலத்தில் திருகோணமலை ரவுணில் பெரிய பெரிய வீடுகளுக்கும் வாளிக் கக்கூசுதான். விடியப்புறம் பின் ஒழுங்கையால் வந்து மல வாளி எடுக்கிறவர்கள் நகரசபையின் வரிசை வீடுகளில், லயனில், குடியிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் பின்னுக்கு, நிலத்தில் இருக்க வேண்டும். அப்படி எந்தச் சட்டமும் எந்தச் சுவரிலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் பிள்ளைகளும் வந்த முதல் நாளே போய் நிலத்தில் இருந்துவிடும்.

பெரிய ரீச்சர் அதிபராக வந்த புதிதில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஒரு நாள் காலை, வாங்குகளில் கறையான் பிடித்துவிட்டது, மருந்தடிக்க வேண்டும் என்று சொல்லி அத்தனையையும் வெளியே எடுப்பித்துவிட்டார். அந்தத் தவணை மூன்று மாதமும் வக்கீலின் மகனும் நிலத்தில், வாளி எடுப்பவரின் மகனும் நிலத்தில். பெற்றோர் வந்து சத்தம் போட்டார்கள். "கறையானுக்கு நான் என்ன செய்யிறது? பிள்ளையளின்ர காலிலை ஏறினால் நீங்களோ பதில் சொல்லுவியள்?" என்று அவர்களைத் திருப்பிக் கேட்டாராம். தவணை முடிந்து வாங்குகள் திரும்பி வந்த அன்று மணியை அடித்து, ஓடிப்போய்ப் பிடிக்கிறவருக்கு இடம் என்றாராம். பிள்ளைகள் விழுந்தடித்து ஓடின. அந்தத் தள்ளுமுள்ளில் யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு என்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. முன் வாங்கைப் பிடித்தவர்களில் லயன் பிள்ளைகளும் இருந்தார்கள். வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள்.

அந்த வாங்குகளில் ஒரு கறையான்கூட இருக்கவில்லை என்று பியோன் பிறகு எனக்குச் சொன்னான்.

கடைத்தெரு முதலாளி ஒருவர் வந்து, தன் மகளை லயன் பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்தக் கூடாது என்று நின்றார். "ஓம் முதலாளி, இண்டைக்கே மாத்திறன்" என்று ரீச்சர் உடனே ஒத்துக்கொண்டார். மாற்றவும் மாற்றினார், மலருக்குப் பக்கத்தில். மலரும் லயன் பிள்ளைதான். ஆனால் வகுப்பிலேயே கணக்கில் முதலாவது. முதலாளி மறுபடி வந்து பாய்ந்தபோது, "உங்கட பிள்ளைக்குக் கணக்கு வரவேணுமோ, வேண்டாமோ? ஒண்டைச் சொல்லுங்கோ" என்றார். முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு போனார். மகள் கணக்கில் தேறிய பிறகு, இடத்தை மாற்ற வேண்டாம் என்று அவரே ஆள் அனுப்பினார். அவருடைய மனம் மாறியது என்று நான் சொல்லமாட்டேன். லயனுக்குப் பக்கத்தால் போகும்போது கடைசி வரைக்கும் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போனார்.

மலரின் அப்பாவின் ஆட்கள் இந்தியாவிலிருந்து வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள்; அவருக்குப் பிரசாவுரிமை இல்லை. அவருக்கு இல்லையென்றால் மகளுக்கும் இல்லை. எவ்வளவு படித்தாலும் அரசாங்க வேலை கிடைக்காது. பெரிய ரீச்சர் பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் அரசாங்கக் கச்சேரிக்குப் போய், அந்த வேலையைப் பார்க்கிற கிளாக்கருக்கு நேரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிடுவார். கையில் சோற்றுப் பொதியும் இருக்கும். கதைக்கமாட்டார், கெஞ்சமாட்டார், பார்த்துக்கொண்டே இருப்பார். கடைசியில் கிளாக்கர் காரியத்தைச் செய்து கொடுத்தார். "நல்ல மனிசன் போல" என்று நான் சொன்னபோது ரீச்சர் கடகடவென்று சிரித்தார்.

"நல்ல மனிசனோ? என்ர முகத்தைப் பாத்து அந்தாளுக்கு அலுத்துப் போச்சு, மாஸ்ரர்."

இப்படிப்பட்ட மனுசியோடு வேலை செய்வது லேசான காரியம் இல்லை. அவர் உங்களைப் பார்க்கிற பார்வையில், இந்த ஆளின் எந்தப் பலவீனம் எதற்கு உதவும் என்ற கணக்கு ஓடுகிற மாதிரியே இருக்கும். சோம்பேறியின் சோம்பலும், புளுகனின் புளுகும், கஞ்சனின் கஞ்சத்தனமும் அவருக்கு வேண்டும். பாராட்ட மாட்டார். நன்றி சொல்வதென்றாலும் விறகுக்காரனுக்குச் சொல்வது போலத்தான் சொல்வார். அன்பாய் இருந்தாரா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. நான் அவருக்குப் பயந்தேன். அவர் என்னை நல்லவன் என்று நினைக்க வேண்டும் என்று வெகுவாக ஆசைப்பட்டேன்.

எனக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிப் போனது. படித்து முடித்து வேலை தேடியபோது, மாடிப் படி ஏற ஏலாத ஆளை வைத்து என்ன செய்வது என்று இரண்டு பள்ளிக்கூடங்கள் கையை விரித்துவிட்டன. பெரிய ரீச்சர் என் பொல்லை ஒரு தரம், சான்றிதழை ஒரு தரம் பார்த்துவிட்டு, "கணக்குப் படிப்பிக்கக் கால் எதுக்கு?" என்றார். ஆசிரியர் அறைக்குப் பக்கத்து வகுப்பை எனக்கு ஒதுக்கித் தந்தார். ஆசிரியர் அறையில் நீள மேசையின் கோடியில், சுவரோரமாய் என் கதிரை. இடைவேளைக்கு அதில் போய் விழுந்தேனென்றால் மணி அடித்த பிறகுதான் எழும்புவேன். ஒரு கையில் பொல்லும் மறு கையில் தேத்தண்ணியுமாக என்னால் நடக்க ஏலாது.

மலர் பயிற்சிக் கலாசாலை முடித்து, நியமனக் கடிதத்தோடு எங்கள் பள்ளிக்கூடத்துக்கே ஆசிரியையாக வந்தாள். கல்விக் கந்தோரில் யாருடைய முகத்துக்கு நேரே ரீச்சர் கதிரை போட்டாரோ தெரியாது. வந்த அன்று காலை ஆசிரியர் அறையில் இழுபடும் சத்தம். என் பக்கத்தில் இருந்த விஞ்ஞான மாஸ்ரரின் கதிரையை அங்கால் தள்ளிவிட்டு, ரீச்சர் ஒரு கதிரையைக் கொண்டுவந்து எனக்கு ஒட்டிப் போட்டார். "மலர் ரீச்சர், இது உங்கட இடம்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

இடைவேளைக்குப் பியோன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். மலர் வந்து தன் கதிரையில் இருந்தாள். சங்கீத ரீச்சர் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"சீ, என்ன வெக்கையப்பா உள்ளுக்குள்ளை. விறாந்தையிலை நிண்டு குடிப்பம்."

"ஓம், ஓம். அங்கை கடல் காத்து வரும்" என்றார் உப அதிபர்.

ஒருவர் பின் ஒருவராய் எல்லாரும் எழும்பினார்கள். மேற்கே இருந்து கச்சான் காற்று அடிக்கிற காலம் அது. விறாந்தையில் காற்று அடுப்படி மாதிரிச் சுட்டது. அந்த அனலுக்குள் நின்று வேர்த்துக்கொண்டே கடல் காற்று வாங்கினார்கள். அடுத்த நாளும் அப்படி, அதற்கடுத்த நாளும் அப்படி. ஒருவரும் மலரை ஒரு சொல் சொல்லவில்லை. நல்லாய்ச் சிரித்து, "பிள்ளை, நீர் இருந்து குடியும்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். படித்தவர்கள் அல்லவா.

நானும் மலரும் மட்டும் அந்த நீள மேசையில். முதல் கொஞ்ச நாள் நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டேன். பிறகு கணக்கைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினோம். பின்னத்தை வகுக்கிறதை அவள் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துகிற விதம் என்னுடையதை விட நல்லது; அதை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் அவள் கிளாஸைப் பார்த்தபடி, "நீங்கள் இல்லாட்டி நான் முதல் கிழமையே ஓடியிருப்பன், மாஸ்ரர்" என்றாள்.

என்ன சொல்லியிருக்க வேண்டும்? "பிள்ளை, எனக்கு எழும்பிப் போகக் கால் ஏலாது, அவ்வளவுதான்" என்று சொல்லியிருக்க வேண்டும். "சேச்சே, அதுக்கென்ன" என்றேன். பெரிய மனிதத் தோரணையில் தலையையும் ஆட்டினேன். வெளியில் நின்றவர்கள் என்னைச் சீர்திருத்தவாதி என்று பகிடி பண்ணினார்கள். அந்தப் பகிடி எனக்கு இனித்தது. போகப் போக, கால் நல்லாய் இருந்திருந்தாலும் நான் எழும்பியிருக்க மாட்டேன் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன். பெரிய ரீச்சரும் ஒரு நாள் என் வகுப்பு வாசலில் நின்று, "நீங்கள் அதிலை இருக்கிறது எனக்குப் பெரிய உதவி, மாஸ்ரர்" என்றார். அன்று பின்னேரம் நான் வீட்டுக்குப் போன நடையைப் பார்த்திருந்தால், எனக்கு இரண்டு காலும் நேர் என்று சொல்லியிருப்பீர்கள்.

ஆனாலும் மலருக்குத் தாங்கவில்லை. ஐப்பசி பிறக்கும்போது, இடமாற்றம் கேட்கப் போகிறேன் என்று பெரிய ரீச்சரிடம் போய் நின்றாள். நானும் அப்போது ஏதோ அலுவலாய் அந்த அறையில் இருந்தேன்.

"நீங்களும் வந்து எங்களோடை இருந்து குடியுங்கோவன், ரீச்சர்" என்று மலர் கேட்டாள். "நீங்கள் இருந்தால் ஒருத்தரும் எழும்பாயினம்."

"எனக்குப் பயந்து இருப்பினம். நான் போக எழும்புவினம். அதுவும் ஒரு இருப்போ? மாரி வரட்டும் பிள்ளை. மாரி முடியுமட்டும் பொறும். பிறகும் போகவேணும் எண்டால் நானே கையெழுத்து வைக்கிறன்."

மாரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. இரண்டு நாள் கழித்து, விறாந்தையின் கடல் பக்கம் சாரலுக்காகக் கட்டியிருந்த தென்னங்கிடுகுத் தட்டிகளைப் பெரிய ரீச்சர் கழற்றுவித்தார். ஊரெல்லாம் மாரிக்குத் தட்டி கட்டுகிற நேரத்தில் இவர் கழற்றுகிறார். உப அதிபர் போய்க் கேட்டதற்கு, கிடுகு உக்கிப் போச்சு, புதுசு கட்டக் காசில்லை, தை மாதம் பார்ப்போம் என்று பதில் வந்தது.

பிறகு வாடைக் காற்று பிடித்தது. கடலில் இருந்து மழை படுக்கையாய் அடித்தது. விறாந்தையில் நின்ற சங்கீத ரீச்சரின் பட்டுச் சேலை முழங்கால் வரைக்கும் தெப்பமாய் நனைந்தது. உப அதிபரின் தேத்தண்ணி கிளாஸுக்குள் மழைத் தண்ணி விழுந்தது. முதல் நாள் உள்ளே வந்து சுவரோடு சுவராய் நின்றார்கள். எவ்வளவு நேரத்துக்கு நிற்பது? கொப்பியும் திருத்த வேண்டும், வடையும் தின்ன வேண்டும். உடற்பயிற்சி மாஸ்ரர்தான் முதலில் கதிரையில் இருந்தார். பிறகு ஒவ்வொருவராய் முனகிக்கொண்டு கதிரைகளை இழுத்தார்கள். மழை விட்டபோது மறுபடி எழும்பிப் போவதற்கு அவர்களுக்கே வெட்கமாய் இருந்திருக்க வேண்டும், அல்லது உடம்பு வணங்காத பஞ்சியாய் இருந்திருக்க வேண்டும். மார்கழியில் சங்கீத ரீச்சர் மலரிடம் சீனிப் போத்தலை இஞ்சாலே தள்ளும்படி கேட்டார். மலர் தள்ளினாள். அவ்வளவுதான். ஒரு பேச்சில்லை, ஒரு கண்ணீர் இல்லை. தை பிறந்ததும் புதுக் கிடுகு கட்டினார்கள். மலர் இடமாற்றக் கதையை விட்டுவிட்டாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆயுசுக்கும் இருப்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

தவணைச் சோதனை முடிந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாங்கள் இருவரும் சேர்ந்து திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு கையில் இருந்தது. வேலிப் படலையில் நின்று, "மாஸ்ரர்" என்று கூப்பிட்டாள். எங்கள் வீட்டுப் பின் ஒழுங்கைக்கு வாளி எடுக்க வருகிறவர் அவளுடைய அப்பாதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், உள்ளே குசினியில் சமைத்துக்கொண்டிருந்த என் அம்மாவுக்கும் தெரியும்.

முன் விறாந்தையில் நான்கு கதிரைகள் கிடந்தன. நான் பொல்லை எடுத்துக்கொண்டு, கதிரைகளைத் தாண்டி, முற்றத்து மணலைத் தாண்டிப் படலைக்குப் போனேன். படலையைத் திறக்கவில்லை. அதன் மேலாகவே என் பங்குத் தாள்களை வாங்கினேன். அங்கேயே நின்று கதைத்தேன். எந்தக் கேள்விக்கு எத்தனை புள்ளி, செய்முறைக்கு எவ்வளவு குறைப்பது என்று கதை நீண்டது. அவளுக்குக் கேட்பதற்கு நிறைய இருந்தது. எனக்கும் அந்தக் கதை பிடித்திருந்தது. உச்சி வெயில். பொல்லுப் பிடித்த கை விறைத்து, நல்ல கால் நடுங்கத் தொடங்கியும் நான் நின்றேன்.

"ஆர் தம்பி வந்தது?" என்று அம்மா உள்ளிருந்து கேட்டார்.

"ஆருமில்லையம்மா. பள்ளிக்கூட அலுவல். இப்ப போயிடுவா."

மலர் குசினிப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு மிச்சத் தாள்களை அடுக்கிக்கொண்டு, "நீங்கள் உள்ளை போங்கோ, மாஸ்ரர். கனநேரம் நிண்டிட்டியள். கால் நோகப் போகுது" என்றாள். கோபமாய்ச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். உண்மையாகவே என் காலை நினைத்துத்தான் சொன்னாள். நான் போய் விறாந்தைக் கதிரையில் விழுந்தேன். அவள் ஒழுங்கை முடக்கில் திரும்பும் வரைக்கும் அவளுடைய குடை தெரிந்தது.

அடுத்த மாதம் அவளுக்கு வெருகல் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இடமாற்றம் வந்தது. ஆற்றங்கரை ஊர், ரவுணில் இருந்து யாரும் கேட்டுப் போகாத இடம். அவளாகக் கேட்டு வாங்கினாள் என்று பியோன் சொன்னான். ஆசிரியர் அறையில் சங்கீத ரீச்சர் உட்பட எல்லாரும் கவலைப்பட்டார்கள். இப்போதுதானே எல்லாம் சரிவந்தது, ஏன் இந்தப் பிள்ளை போகிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். நானும் கூடச் சேர்ந்து கேட்டேன்.

மலர் போன பிறகு ஒரு பின்னேரம் பெரிய ரீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அவர் வந்ததே இல்லை. அம்மா பதறிப்போய்ச் சேலைத் தலைப்பால் கதிரையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி போட ஓடினார். ரீச்சர் அதில் இருந்தார். விறாந்தையைப் பார்த்தார், கதிரைகளைப் பார்த்தார், முற்றத்துக்கு அப்பால் படலையைப் பார்த்தார்.

"அவள் உங்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லேல்லை, மாஸ்ரர்" என்றார். "சனிக்கிழமை மாஸ்ரர் எனக்காக வெயிலுக்குள்ளை கனநேரம் நிண்டவர், பாவம், காலுக்கு எப்பிடியோ தெரியாது, ஒருக்கால் போய்ப் பாருங்கோ எண்டுதான் சொன்னவள்."

நான் நிலத்தைப் பார்த்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் அழுதுவிடலாம், மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று தொண்டைக்குள் எல்லாம் ஆயத்தமாய் இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. தன்னில்தான் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

"முதல் நாள் அவளை உங்களுக்குப் பக்கத்திலை ஏன் இருத்தினனான் தெரியுமோ? அந்த அறையிலை எழும்பிப் போக ஏலாத ஆள் நீங்கள் ஒருத்தர்தான். அதைப் பாத்துத்தான் கதிரையைப் போட்டனான்."

அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். ரீச்சர் அதைத் தொடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். படி இறங்கிச் செருப்பைப் போட்டபிறகு ஒரு தரம் என் காலைப் பார்த்தார்.

"உங்களுக்கு நிக்க ஏலும் எண்டு எனக்குத் தெரியாமல் போச்சு, மாஸ்ரர்."